கணினியில் வாய்பாடு எழுதுமுறை

எழுத்தின் பொருள் அதன் வடிவத்தால் மட்டும் அமைவதன்று. அது நிற்கும் இடத்தாலும் அமைவது. இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதன்று. தலைமேற் புள்ளி பெற்றால் மெய். பெறாவிடின் அகரம் ஏறிய உயிர்மெய். பண்டு ஏடெழுதினோர் ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதினர். பிற்காலத்தில் அச்சுவடிகளைப் பதிப்பிக்கப் புகுந்த புலவர், சொற்களைத் தெளிதற்கு நெடிது உழைக்க நேர்ந்தது. ஒரு சிறு புள்ளியின் குறை இத்துணை இடர் விளைக்குமாயின், மேலும் கீழும் எண்கள் அமர்ந்து நிற்கும் கணித வாய்பாடுகளில் இடம் பிறழ்வதால் வரும் கேடு எத்துணைத்து!

இதனை நம் நாட்டுக் கணிதப் புலவர் ஒருவரின் ஆராய்ச்சி கொண்டு விளக்குவாம். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையவர்கள் 1901-ஆம் ஆண்டு குற்றாலத்தை அடுத்த வல்லத்திற் பிறந்தவர்கள். சங்கரன்கோவிற் பக்கத்து எமது குருவிகுளமும் அவ்வல்லமும் 2019-இல் அமைந்த தென்காசி மாவட்டத்து ஊர்களே. அவர்கள் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்புப் பயின்றவர்களாதலின், மிஷன் கல்லூரியினராகிய நமக்கு அவர்கள்பால் உரிமை பின்னும் மிகுதி.

ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி ஆறு முறை அடுக்கினால் வருவது ஆறாம் அடுக்கு. எந்த முழு எண்ணையும் இத்தகைய ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதுதற்கு எத்தனை எப்பொழுதும் போதும் என்பது வினா. 73 போதும், அதனிற் குறைந்தால் போதாது என்று பிள்ளையவர்கள் 1940-இல் நிறுவினார்கள். அவ்வெண்ணைத் தரும் வாய்பாடு வருமாறு:

2⁶ + [(3/2)⁶] − 2

சதுர அடைப்பு, உள்ளிருப்பதன் பின்னப் பகுதியை விடுத்து முழுப் பகுதியை மட்டும் கொள்க என்பதற்கு அடையாளம். 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3/2-இன் ஆறாம் அடுக்கு 11-க்குச் சற்று மேற்படும், ஆதலின் 11 எனக் கொள்க. ஆகவே 64 + 11 − 2 = 73.

இவ்வாய்பாட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும்போது, அடுக்கெண் கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது 26 + [(3/2)6] − 2 என்று நிற்கும். விடை 33 ஆகிவிடும். இது பிழையென்பதை 703 என்னும் எண்ணே காட்டும். 3-இன் ஆறாம் அடுக்கு 729 ஆதலின், அது 703-இல் அடங்காது. 64-ஐப் பத்து முறையும், எஞ்சிய 63-க்காக 1-ஐ அறுபத்துமூன்று முறையும் கொள்ளவேண்டும், ஆக 73. முப்பத்துமூன்று கொண்டு அதனை முடித்தல் எவர்க்கும் இயலாது. எழுத்து ஒன்றும் மாறவில்லை. இடம் மாறியது, உண்மை பொய்யாயிற்று. தேர்வு வினாத்தாளில் இது நேரின், அறிந்த மாணாக்கனும் மதிப்பெண் இழப்பான்.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில், ஒரு பின்னத்துக்கு மேலெண், கோடு, கீழெண் ஆகியவற்றைத் தனித்தனியே அடுக்கிக் கட்டவேண்டியிருந்தது. தட்டச்சுப் பொறியிலோ, உருளையைச் சிறிது திருப்பியே அடுக்கெண்ணை ஏற்றினர். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத், 1977-இல் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படி அழகற்றிருக்கக் கண்டு மனம் வருந்தி, 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே இயற்றத் தொடங்கினார். அதன்வழி வந்த 'லாடெக்' இன்றும் உலகெங்கும் கணித ஆராய்ச்சியாளரால் வழங்கப்படுகின்றது.

அதனினின்று நாம் கற்கும் நெறி யாதெனின், கணினிக்குத் தோற்றத்தைக் காட்டாது, கருத்தைச் சொல்லுதல் வேண்டும் என்பதே. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே தோன்றினும், ஒருங்குறியில் ககரமே முதலிற் பதியப்படுகின்றது. கொம்பைத் தன்னிடத்தில் நிறுத்துவது கணினியின் வேலை. வாய்பாட்டிலும் அவ்வாறே. இடைவெளிகளை அடுக்கியும், எழுத்தைச் சிறிதாக்கியும், கீழ்க்கோடிட்டும் பின்னம்போலக் காட்டுதல், எழுத்தளவு மாறியவுடன் குலைந்துபோகும்.

இனி முறையைக் கூறுவாம். மைக்ரோசாப்ட் வேர்டில் ஆல்ட் விசையையும் சமக்குறி விசையையும் ஒருங்கே அழுத்துக. வாய்பாட்டுக்குரிய கட்டம் தோன்றும். அதனுள் 2, கூரைக் குறி, 6 என்று தட்டி, இடைவெளி விசையைத் தொட்டால், 6 தானே மேலேறும். சாய்கோடு இட்டால் பின்னம் ஆகும். ஆயின் ஈண்டு ஒரு கருத்து வேண்டும்: 5+7/3 என்றால் 7 மட்டுமே கோட்டின்மேல் நிற்கும், மதிப்பு ஏழும் மூன்றிலொன்றும். (5+7)/3 என்றால் இரண்டும் மேலேறும், மதிப்பு 4. பின்னம் அமைந்தபின் அவ்வடைப்பு மறைந்துவிடும். அது கூட்டத்தைக் காட்டவே வந்ததாகலின். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீசில் சாய்கோட்டுக்கு மாறாக 'ஓவர்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, கூட்டத்தை நெளிவடைப்புள் இடவேண்டும். கருவி வேறாயினும் கருத்து ஒன்றே.

நிற்க. சிலர் வாய்பாட்டைப் படமாக எடுத்து ஒட்டுகின்றனர். படத்தைத் திருத்தவும் இயலாது. பார்வையற்ற மாணாக்கர்க்கு உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கும் அது விளங்காது. பாளையங்கோட்டையில் நெடுங்காலமாகப் பார்வையற்றோர் பள்ளி நடைபெறும் நம் பகுதியினர் இதனை மறத்தல் தகாது. முறைப்படி அமைத்த வாய்பாடோ, எது மேல், எது கீழ் என்பதைத் தன்னுள்ளே தாங்கி நிற்றலால், செவிக்கும் பொருள் தரவல்லது.

முடிவாக ஒன்று. எழுதிய வாய்பாட்டைக் கண்ணால் மட்டும் ஒப்புநோக்குதல் போதாது. அச்சிடுமுன் சிறிய எண்ணொன்றை அதிற் புகுத்தி விடை காண்க. 73 வரவேண்டிய இடத்தில் 33 வரின், பிழை தானே வெளிப்படும். நகரத்துப் பெரிய அச்சகத்தார் செய்த வேலையை இன்று குருவிகுளத்து ஆசிரியர் ஒருவர் தம் மேசைமீதே செய்யவல்லராயினர். அச்சகத்தில் பிழைதிருத்துவோர்க்கு இருந்த பொறுப்பும் அதனோடு அவரிடமே வந்து சேர்ந்தது என்பதை நாம் மறவாதிருப்போமாக.