மல்டிமீட்டர் காட்டும் பூஜ்யத்தை நம்பலாமா?

ஜெர்மனியில் வீட்டுப் பழுதுக்கான சாமான்களை விற்கும் பெருங்கடைகளில் டிஜிட்டல் மல்டிமீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. வாடகை வீட்டின் பிளக் பாயிண்ட் ஒன்று வேலை செய்யாதபோது, எலக்ட்ரீஷியனை அழைத்தால் பெருஞ்செலவாகுமே என்றஞ்சி, அக்கருவியை வாங்கிவந்து தாமே சோதிக்க முற்படுவோர் நம்மவரிலும் உண்டு. திரையில் பூஜ்யம் தோன்றிய மாத்திரத்தில் கம்பியில் மின்சாரம் இல்லையென்று நிச்சயித்து அதைத் தொடுவது உயிரையே பணயம் வைப்பதாகும் என்பதை அவர்கள் முதலில் உணரவேண்டும்.

கருவி, நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். இந்நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம், மும்முனை இணைப்பில் இரு முனைகளுக்கிடையே 400 வோல்ட் உண்டு. பாட்டரியை அளக்கும் டி.சி. நிலையில் குமிழை வைத்துவிட்டுச் சுவர்ப் பிளக்கைச் சோதித்தால், இருதிசையும் மாறிமாறி வரும் அழுத்தத்தின் சராசரி பூஜ்யமாதலால், பழுதற்ற கருவியும் பூஜ்யத்தையொட்டிய எண்ணையே காட்டக்கூடும். சோதனை வயர் உள்ளே அறுந்திருந்தாலும் அதே பொய்ச் சாந்தியே தோன்றும். இதற்கு நேர்மாறாக, இணைப்பறுந்த கம்பி உயிருள்ள கம்பியின் அருகே ஓடுமானால், கருவியின் உள்தடை மிக அதிகமாதலால், இல்லாத மின்சாரத்துக்கும் பல வோல்ட் காட்டும்.

அளவெல்லையைத் தேர்வதிலும் விவேகம் வேண்டும். பொன் நிறுக்கும் தராசில் நெல்மூட்டையை ஏற்றலாகாது. ஆகவே அளவு தெரியாதவிடத்து மிகப்பெரிய எல்லையில் தொடங்கிப் படிப்படியாக இறங்குவதே முறை. இடப்புறம் தனித்து நிற்கும் 1 அல்லது ஓ.எல். என்ற குறி, எல்லை மீறியதை உணர்த்தும். ஓம் நிலையில் அது தொடர்பின்மையைக் காட்டும். ஓம் சோதனையை மின்சாரம் பாயும் கம்பியில் ஒருபோதும் செய்யலாகாது. எல்லாவற்றினும் கொடிய அபாயம், சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் விட்டபடியே பிளக்கைத் தொடுவது. அத்துளையில் தடை ஏறக்குறைய இல்லாமையால் குறுக்குச்சுற்று உண்டாகித் தீப்பொறி பறக்கும். பிளக்கில் சொருகும் சாதனங்களுக்குக் கேட் 2, விநியோகப் பெட்டிக்குக் கேட் 3 என்று கருவியில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு வகுப்பையும் கவனித்து வாங்குக.

இதனாலன்றோ ஜெர்மனியின் மின்பணியாளர் ஐந்து விதிகளைப் பயில்கின்றனர்: இணைப்பைத் துண்டித்தல், மீண்டும் இணையாதபடி காத்தல், மின்சாரமின்மையைச் சோதித்து உறுதி செய்தல், பூமியிணைப்பும் குறுக்கிணைப்பும் செய்தல், அருகிலுள்ள உயிர்ப்பகுதிகளை மூடுதல். மூன்றாவது விதிக்கு அவர்கள் கையாள்வது குமிழைத் திருப்பவேண்டாத இருமுனை மின்சோதனைக் கருவி. மின்சாரம் உள்ளதென்று அறிந்த ஓரிடத்தில், சோதனைக்கு முன்னும் பின்னும், அக்கருவியையே சோதித்துக்கொள்வர்.

உரிமைகளையும் அறிவோம். குடியியல் சட்டத்தின் 535 ஆம் பிரிவின்படி வீட்டைத் தகுந்த நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. பழுதைத் தாமதமின்றி அவருக்கு அறிவிப்பது, 536சி பிரிவின்படி, குடியிருப்பவரின் கடமை. அறிவிக்காமலிருந்து சேதம் நேர்ந்தால் பொறுப்பு நம்மீது விழக்கூடும். பயன்பாடு கணிசமாகக் கெடும்போது வாடகைக் குறைப்புக்கு 536 ஆம் பிரிவு இடமளிக்கிறது; ஆயினும் வாடகையாளர் சங்கத்தின் ஆலோசனையின்றி அதில் இறங்கவேண்டாம். மின்நிறுவலைப் புதிதாய் அமைப்பதும் விரிப்பதும் மாற்றுவதும் பதிவுபெற்ற நிறுவனங்களின் வேலையென்று 2006 ஆம் ஆண்டின் தாழ்அழுத்த இணைப்பு விதிகள் கூறுகின்றன. தொழிற்கூடத்தில் உடனடியான பெரும் அபாயம் நேர்ந்தால், இடத்தை விட்டு அகலும் உரிமையை 1996 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் தொழிலாளிக்கு அளித்துள்ளது.

மின்னதிர்ச்சி நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே பாதிக்கப்பட்டவரைத் தொட்டு, 112 ஐ அழையுங்கள். வலியில்லையென்றாலும் இதயத்துடிப்பை மருத்துவர் பரிசோதிக்கட்டும். சுவர்ப் பிளக்கில் கோளாறு கண்டால் சர்க்யூட் பிரேக்கரை இறக்கி, படமெடுத்து, உரிமையாளருக்குத் தேதியிட்டுக் கடிதம் எழுதுங்கள். மொழி தடையானால் மொழியறிந்த பிள்ளைகளையோ நண்பரையோ துணைக்கழைத்தல் தகும். பாட்டரியையும், மின்னிணைப்பிலிருந்து பிரித்தெடுத்த ஃபியூஸையும் உங்கள் மல்டிமீட்டரால் தாராளமாகச் சோதியுங்கள்; சுவருக்குள் ஓடும் கம்பியை, அதற்கெனப் பயின்று பொறுப்பேற்றவரிடம் விடுங்கள்.