ஒட்டிய சுவர்களுக்கு இடையே

ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் நீளமே உள்ள கர்ப்பப்பையின் உட்புறம் விரிந்த வெற்றிடம் என்று நம்மில் பலர் எண்ணினாலும், கர்ப்பமில்லாத காலத்தில் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன. மிகுந்த உதிரப்போக்கினாலோ, அடுத்தடுத்துக் கரு கலைவதனாலோ அல்லலுறும் ஒரு பெண்ணுக்கு உள்ளே இருப்பது பாலிப் என்னும் மெல்லிய சதைவளர்ச்சியா, ஃபைப்ராய்டு என்னும் நார்க்கட்டியா, பிறவியிலேயே அமைந்த தடுப்புச்சுவரா என்று நிச்சயிக்க முற்படும் வைத்தியருக்கு இந்த ஒட்டுதலே முதல் இடையூறு.

உலோகத்தில் மறைந்துள்ள வெடிப்புகளைக் கண்டறியும் ஒலியலைக் கருவியை மனித சரீரத்தின்மேல் பிரயோகித்து, கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயான் டொனால்ட் 1958இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வு, இன்றைய ஸ்கேனுக்கு வழி திறந்தது. யோனி வழியாகச் செய்யும் ஸ்கேன் சுவரின் கனத்தையும், தசைக்குள் புதைந்த கட்டிகளையும் நன்றாகக் காட்டும். ஆனால் உட்சவ்வே தடித்திருக்கிறதா, அதிலிருந்து ஒரு பாலிப் முளைத்திருக்கிறதா என்பதைப் பல சமயங்களில் பிரித்துச் சொல்லாது.

இவ்விடத்தில் கைகொடுப்பது வெறும் உப்புநீர். கர்ப்பப்பை வாயின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்திச் சில மில்லிலிட்டர் சுத்தமான சலைனை மெல்ல ஏற்றும்போது, ஒட்டியிருந்த சுவர்கள் விலகி, திரையில் கரியதாய்த் தோன்றும் நீரின் நடுவே பாலிப் தன் காம்பு சகிதமாக வெண்மையாகத் துலங்குகிறது. சில நிமிஷங்களில் முடியும், பெரும்பாலும் மயக்கமருந்து வேண்டாத இம்முறை இன்னும் பரவலாகக் கையாளப்பட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாயமருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று அறியவே அதிகப் பிரயோஜனமுள்ளது. கர்ப்பப்பையின் வெளி வடிவத்தைக் காட்டாததால், நடுவே தடுப்புள்ள கர்ப்பப்பையையும் இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பையையும் அது வேறுபடுத்தாது, அதற்கு எம்.ஆர்.ஐ. அல்லது முப்பரிமாண ஸ்கேன் வேண்டும்.

1869இல் பான்டலியோனி என்னும் வைத்தியர் ஒரு மூதாட்டியின் கர்ப்பப்பைக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பாலிப்பை நேரில் கண்டார். அக்கருவியின் வழித்தோன்றலான ஹிஸ்டிரோஸ்கோப்பி, கண்டதை அப்போதே அகற்றவும் வல்லது. ஆயினும் சுவரின் ஆழத்தை அது காணாது.

உப்புநீர் ஸ்கேனுக்கு உகந்த காலம் மாதவிடாய் நின்ற அடுத்த சில நாட்கள். கர்ப்பமோ கிருமித்தொற்றோ இருந்தால் அதைச் செய்யலாகாது. மாதவிடாய் முற்றும் நின்றுபோன பின் ஒரு துளி உதிரம் கண்டாலும், தாய்மார்கள் கூச்சத்தை விட்டு உடனே வைத்தியரை நாட வேண்டும்.