ஆண்டுதோறும் வரும் தருமி

கதை தெரியும். முடிவு தெரியும். யார் எந்த இடத்தில் என்ன சொல்லப் போகிறார் என்பதும் வரிக்கு வரி தெரியும். ஆனாலும் பண்டிகை நாளில் டெலிவிஷனில் 'திருவிளையாடல்' போட்டுவிட்டால், மதுரையில் பல வீடுகளில் அடுப்படி வேலை அப்படியே நின்றுவிடுகிறது! "நாகேஷ் வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது. அறுபது ஆண்டுகளாகப் பார்த்த படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

1965-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி வெளிவந்த படம் அது. நாடக மேடையில் வளர்ந்த ஏ. பி. நாகராஜன் எடுத்தது. சிவபெருமானாகச் சிவாஜி கணேசன், தேவியாகச் சாவித்திரி, ஔவையாராகக் கே. பி. சுந்தராம்பாள். மதுரையில் நடந்ததாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் சிலவற்றை எடுத்து, வேறு புராணக் கதைகளோடு சேர்த்துக் கோத்திருந்தார் நாகராஜன்.

வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் டிசம்பர் 9-ந் தேதி அமெரிக்க டெலிவிஷனிலும் இப்படி ஒரு பண்டிகைப் படம் பிறந்தது. சார்லஸ் ஷூல்ஸ் என்ற சித்திரக்காரரின் 'சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' என்னும் அரை மணி நேரக் கார்ட்டூன். எதிலும் தோற்றுப்போகிற ஒரு சிறுவன், பளபளக்கும் அலுமினிய மரங்களை விட்டுவிட்டு, ஒரு நோஞ்சான் மரக் கன்றை வாங்கி வருகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு அவர்களே அதை அலங்கரிக்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஒளிபரப்பிய நிலையத்தாருக்கே அது பிடிக்கவில்லை. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. இன்றும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

சார்லி பிரவுனுக்கும் நம் தருமிக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறதல்லவா?

பாண்டியன் அறிவித்த பரிசு ஆயிரம் பொற்காசு. பாட்டு எழுத வராத ஏழைப் புலவன் கோயிலில் நின்று தனக்குத் தானே புலம்புகிறான். கடவுள் எதிரில் வந்து நின்றபோதும், 'இவன் யாரோ!' என்று சந்தேகப்படுகிறான். கேள்வி கேட்டுச் சோதிக்கிறான். ஒல்லி உடம்பை வளைத்து நாகேஷ் அங்கே செய்வது ஹாஸ்யம் மட்டுமா? வயிற்றுப் பசியும் மானமும் ஒரே உடம்பில் படும் பாடு அது. அந்தப் பெரிய படத்தில் தேவர்களும் அரசர்களும் உலவுகிறார்கள். ஜனங்கள் காத்திருப்பதோ தருமிக்கு!

தெரிந்த கதைக்காகக் காத்திருப்பது மதுரைக்குப் புதிதுமல்ல. ஆவணி மூலத் திருவிழா வந்தால் கருங்குருவிக்கு உபதேசம், நரியைப் பரியாக்கியது, புட்டுக்கு மண் சுமந்தது என்று நாளுக்கு ஒரு லீலை. தருமிக்குப் பொற்கிழி அளித்ததும் அதில் உண்டு. விறகு விற்றதும் உண்டு. புட்டுத் திருவிழாவன்று சுவாமியின் முதுகில் பிரம்படி விழப்போவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதானே கூட்டம் கூடுகிறது!

விறகு விற்ற கதையில் சிவாஜிக்காகப் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன். மதுரையிலேயே பிறந்தவர். ஹேமநாத பாகவதராக வரும் டி. எஸ். பாலையாவுக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளி கிருஷ்ணா. கே. வி. மகாதேவனின் இசையில் இந்த இருவரும் மோதுவதைக் கேட்கத் தியேட்டருக்குப் போக வேண்டும் என்பதில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் காதுகுத்தோ, கோயில் கொடையோ வந்தால், மைக் செட்டுக்காரர் கதை வசன ரிகார்டைச் சுழல விடுவார். வயலில் களை பறித்தவர்கள் படத்தைக் காதாலேயே பார்த்தார்கள். தருமியின் புலம்பலை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளைகள் எத்தனை பேர்!

படம் மாறவில்லை. பார்க்கிறவர் மாறுகிறார். பத்து வயதில் தருமியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறோம். முப்பது வயதில், மாதக் கடைசியில், அதே புலம்பலைக் கேட்டுச் சிரிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. இன்னும் வயதானால் கண் நக்கீரர் மேல் போகிறது. நெற்றிக் கண்ணைத் திறந்தபோதும், 'பாட்டில் குற்றம் இருக்கிறது' என்று இறைவனிடமே சொன்ன மனிதர்! அந்த வேஷத்தை டைரக்டர் நாகராஜன் தாமே போட்டுக்கொண்டார். எத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் நாம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது அப்போது ஞாபகம் வராமலா போகும்?

இப்போது கைபேசியில் தருமி வரும் கட்டத்தை மட்டும் வேண்டும்போது போட்டுப் பார்த்துவிடலாம். சௌகரியம்தான். ஆனால் தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் வெவ்வேறு காரணத்துக்குச் சிரிப்பது அதில் கிடைக்குமா?

அடுத்த பண்டிகைக்குப் படம் போடும்போது பக்கத்தில் இருப்பவரைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அவர் தருமிக்குச் சிரிக்கிறாரா, நக்கீரருக்குத் தலையாட்டுகிறாரா என்று தெரிந்துவிடும்!