பழைய காருக்குப் புதுப் பற்றரி: எந்த வயர் உடம்புக்கு?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனருக்கு அண்மையில் புதுப் பற்றரி வாங்கினோம். பூட்டிவிட வந்த தம்பி கெட்டிக்காரன். ஓட்டோ, ஹயஸ் வான் எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. பழக்கதோஷத்தில் மைனஸ் முனையைக் காரின் உடம்புக்குக் கொடுத்தார். கார் ஸ்ராட் ஆனது, லைற்றும் எரிந்தது. அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட்டியதும் கட்-அவுட் பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு புகை.

விறாந்தையில் இருந்த பெரியப்பா எழும்பி ஓடிவந்தார். "நிப்பாட்டும் தம்பி! இது பிளஸ் உடம்புக்குப் போற கார்."

இன்றைய வாகனங்களில் மைனஸ் முனைதான் உடம்போடு சேரும். 1950களில் வந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பிரித்தானியக் கார்களில் அது நேர்மாறு. மாறிப் பூட்டினாலும் ஸ்ராட்டர் அதே பக்கம்தான் சுற்றும், பல்புக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பிழை உடனே பிடிபடுவதில்லை. டைனமோ மட்டும் தன் பழைய காந்தத்தை மறக்காது. அது பழைய திசையில் மின்சாரம் தர, கட்-அவுட் அதைப் பற்றரியோடு இணைக்க, இரண்டும் மோதி முனைகள் கருகும்.

காரின் பெயரை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். டைனமோவைக் கழற்றி ஒல்ரனேற்றர் போட்டவர்கள் பெரும்பாலும் மைனஸை உடம்புக்கு மாற்றியிருப்பார்கள். பழைய பற்றரியைத் தொட முன்னரே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

யூரியூப்பில் "முதலில் மைனஸைக் கழற்றுங்கள்" என்பார்கள். எங்கள் காருக்கு அது ஆபத்து. அடையாளம் எதுவானாலும், உடம்புக்குப் போகும் வயரைத்தான் முதலில் கழற்றவேண்டும், கடைசியில் பூட்டவேண்டும். அல்லாவிட்டால் மற்ற முனையைத் திருகும்போது ஸ்பானர் உடம்பில் பட்டுப் பெரும் பொறி பறக்கும்.

பெரியப்பாவின் பதற்றத்துக்கு வேறு காரணமும் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். இந்தக் கார் துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது. பற்றரியை மிச்சம்பிடிக்க முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றுவார்களாம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் காரை விட்டுவிட்டு, பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர் அவர். எனக்கு அந்த இரவு நினைவில்லை.

வாங்கும்போது மீற்றர் வைத்துப் பாருங்கள். முழுச் சார்ஜில், ஓய்வில் இருக்கும் பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். ஜப்பானிய அளவுப் பற்றரிகள் சிலவற்றின் முனை மெல்லியது, பழைய கிளிப் இறுகாது. ஆணி செருகாமல் கிளிப்பை மாற்றுங்கள். பழைய டைனமோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது அநேகமாகச் சார்ஜ் பண்ணாது. கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் காரில் புதுப் பற்றரியும் இறங்கிவிடும்.

பழைய பற்றரியின் அசிட்டை வளவில் ஊற்றவேண்டாம். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் அது கிணற்றுக்குத்தான் போகும். பற்றரிக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், விலையிலும் கழிப்பார்கள்.

கருகிய முனைகளை அரத்தாளால் தேய்த்துச் சரிப்படுத்தினோம். பின்னேரம் பெரியப்பா வெள்ளைப் பெயின்ற் எடுத்துவந்து, பற்றரித் தட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு பிளஸ் குறி போட்டார். "நான் இல்லாட்டியும் தெரியட்டும்" என்றார்.