ஐந்து மதிப்பெண்ணின் எடை

முதல் பருவத் தேர்வு முடிவு வெளியானபின் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்க ஒரு சில நாள்களே தரப்படுவதால், அண்ணா பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளில் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ் பொறியியல் முதலாண்டு பயின்றோரும் அவர்தம் பெற்றோரும் அவசரமாக எழுதிய கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: நன்றாக எழுதிய தாளில் ‘பி’ விழுந்து, தட்டுத்தடுமாறி எழுதிய தாளில் ‘ஏ’ கிடைத்தது எப்படி? கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்ததால் விரும்பிய கல்லூரியை இழந்த பிள்ளைகள், எண்ணே இல்லாமல் எழுத்து மட்டும் அச்சான பட்டியலைப் பார்த்துத் திகைப்பது இயல்பே.

அந்த ஒழுங்குமுறையின்கீழ் இந்த எழுத்தைத் தீர்மானிப்பது சார்புத் தரமிடல், அதாவது மாணவர் வழக்கில் ‘ரிலேட்டிவ் கிரேடிங்’. வினாத்தாளின் கடினத்தால் எவரும் பாதிக்கப்படாமல் காக்கும் முறை என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. எனினும், ஒரு மாணவர் பாடத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை அளக்காமல், அதே தாளில் தேர்ச்சி பெற்ற மற்றவர்களுக்கிடையே அவர் எங்கே நிற்கிறார் என்பதை அளக்கும் முறை என்பதே இதற்குப் பொருத்தமான வரையறை. தேர்ச்சி பெற்றோர் 30 பேருக்கு மேல் இருக்கும் தாள்களில், அவர்களுடைய மதிப்பெண்கள் மட்டும் கணினியில் ஏற்றப்பட்டு, ‘பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றம்’ என்னும் கணக்குக்கு உட்படுத்தப்பட்டு, ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகத் தர எல்லைகள் வகுக்கப்படுகின்றன.

ஜார்ஜ் பாக்ஸ், டேவிட் காக்ஸ் என்னும் புள்ளியியலாளர்கள் 1964இல் வெளியிட்ட இந்த உருமாற்றம், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் எண்களை, நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒத்துச் சரியும் மணி வடிவத்துக்கு இயன்றவரை நெருக்கமாகக் கொண்டுவருவது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தப்படுகிறது. அந்த அடுக்கெண் பூச்சியமானால் மடக்கை எடுக்கப்படுகிறது. எந்த அடுக்கெண் பொருந்தும் என்பது அந்த மதிப்பெண்களைக் கொண்டே கணிக்கப்படுகிறது. 80 பெற்றவர் 79 பெற்றவருக்குக் கீழே இறங்கிவிடுவதில்லை. ஆனால் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் மாறிவிடுகிறது.

கடினமான கணிதத் தாள் ஒன்றில் பெரும்பாலோர் 50களில் நெருங்கி நிற்க, சிலர் மட்டும் 90வரை போயிருந்தால், பொருத்தமான கணக்கு மடக்கையை ஒட்டியதாக அமையும். அப்போது 50க்கும் 55க்கும் இடையிலுள்ள தூரம் 0.095 ஆகவும், 85க்கும் 90க்கும் இடையிலுள்ள தூரம் 0.057 ஆகவும் வரும். எளிதான தாளில் பெரும்பாலோர் மேலே குவிந்து சிலர் மட்டும் கீழே சிதறியிருந்தால் அடுக்கெண் 2ஐ ஒட்டி அமையக்கூடும். அப்போது முதல் இடைவெளி 525 என்றால், இரண்டாவது 875. ஆக, அதே ஐந்து மதிப்பெண் ஒரு தாளில் கீழே நிற்பவரைக் கூடுதலாகத் தூக்கிவிடுகிறது. இன்னொரு தாளில் மேலே நிற்பவரைக் கூடுதலாக உயர்த்துகிறது. கணிதமாகப் பார்த்தால் இது அழகான கருவி என்பதில் ஐயமில்லை.

கவலை தருவது வேறு இரண்டு செய்திகள். தேர்ச்சி பெறாதோர் கணக்கிலிருந்து நீக்கப்படுவதால், கடினமான தாளில் போராடிக் கரையேறியவரே, எத்தனை பேரைத் தாண்டி வந்திருந்தாலும், கூட்டத்தின் கடைசி ஆளாக எண்ணப்படுகிறார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம்பெற்று, ஆங்கிலத்தில் விடையெழுதப் பழகுவதற்குள் முதல் பருவத்தைக் கடந்துவிடும் மாணவர் அந்தக் கடைசி வரிசையில் நிற்க நேர்ந்தால், அங்கே அளக்கப்படுவது அவருடைய பொறியியல் அறிவன்று, மொழிப் பழக்கமே. மேலும், அடுக்கெண் என்ன, எல்லைக்கோடு எங்கே விழுந்தது என்ற விவரங்கள் அவர் கைக்கு வரும் பட்டியலில் இல்லை. காரணம் தெரியாத தரம் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடம் எதையும் கற்பிப்பதில்லை; தான் இந்தப் படிப்புக்கு ஏற்றவரல்லர் என்ற தவறான முடிவுக்கே அவரைத் தள்ளுகிறது.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்கு வருவோம். அகமதிப்பீட்டை, அதாவது ‘இன்டர்னல்’ மதிப்பெண்ணைப் பற்றிய குழப்பம் கூட்டல் கணக்கில் தீரும்: எழுத்துத் தாள்களில் அதற்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்பதால், தேர்வில் குறைந்தபட்சமான 45 விழுக்காட்டை மட்டும் எட்டியவருக்கு 27 மதிப்பெண்ணே சேரும், தேர்ச்சிக்குரிய மொத்தம் 50ஐ எட்ட, அகமதிப்பீட்டில் 23 தேவை.

‘தமிழர் மரபு’ தாளில் உச்சத் தரமான ‘ஓ’ வாங்கினால் கணிதத்தின் சரிவை ஈடுகட்டலாமா? அதன் மதிப்பலகு, அதாவது ‘கிரெடிட்’ 1, கணிதத்தின் மதிப்பலகு 4 என்பதால் முழுமையாக ஈடுகட்ட இயலாது.

வருகைப்பதிவு? 75 விழுக்காடு வேண்டும்.

நேரடியாக மறுமதிப்பீடு கோரலாமா? முதலில் விடைத்தாள் நகலைப் பெற வேண்டும். எழுத்துக்குப் பின்னாலிருந்த எண் அதில்தான் தெரியவரும்.

முதல் பருவத்தில் ‘அரியர்’ எனப்படும் நிலுவைத் தாள் இருந்தால் இரண்டாம் பருவம் தடைபடுமா? தடைபடாது, ஆனால் எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றோருக்கு உரிய சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்பு, அதன்பின் எவ்வளவு உயர்ந்தாலும் கிடைக்காது.