எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

“டீச்சர், ஒண்ணுக்கு ஆமா, இன்னொண்ணுக்கு இல்ல. எதுல டிக் பண்றது?”

இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி கையைத் தூக்கிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்காக நானே இரவெல்லாம் விழித்திருந்து தயாரித்த கேள்வித்தாள் அது. அவள் காட்டிய வரி: ‘தமிழ்ப் பாடம் எனக்குப் பிடிக்கும், வீட்டிலும் தமிழில் பேசுவேன்.’ ஒரே வரியில் இரண்டு கேள்விகள்! பாடம் பிடிக்கும், வீட்டில் பேசுவது ஆங்கிலம் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? மற்றவர்களோ எல்லாவற்றுக்கும் ‘பிடிக்கும்’ என்றே போட்டிருந்தார்கள். முப்பது தாள்களும் வீண். ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழு வாரம்தான் இருந்தது.

நான் இணையத்தில் தேடாமல் இல்லை. கூகல் ஸ்காலரிலும் அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தரவுத்தளத்திலும் தேடிக் கட்டுரைகளைக் குவித்து வைத்திருந்தேன். (எரிக் இலவசம். முழுக் கட்டுரை உள்ளவற்றை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு. அது தெரியாமல் இரண்டு நாள் வெறும் சுருக்கங்களையே படித்துக்கொண்டிருந்தேன்.) ஆனால் கட்டுரைகள் முடிவைத்தான் விரிவாகச் சொல்கின்றன. மாணவரிடம் எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்பது பலவற்றில் இருப்பதில்லை.

என் மேற்பார்வையாளர்தான் ஐரிஸைக் காட்டினார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் இந்த மின்களஞ்சியம் 2011இல் தொடங்கியது. இரண்டாம் மொழி ஆய்வாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்திய கேள்வித்தாள்கள், நேர்காணல் கேள்விகள், தேர்வுகள் எல்லாம் அங்கே உள்ளன. இலவசமாகப் பதிவிறக்கலாம், உருவாக்கியவரின் பெயரை ஆய்வேட்டில் குறிப்பிட வேண்டும். மொழியின் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, எதை அளக்கப் போகிறோமோ அதைப் போட்டுத் தேடுவதே எனக்குக் கைகொடுத்தது: கற்கும் ஊக்கம், பேசத் தயக்கம், சொல்வளம். ஆங்கிலக் கட்டுரை மிரட்டினால் ஓயேசிஸ் தளத்துக்குப் போங்கள். ஆய்வுகளை ஒரே பக்கத்தில் எளிய நடையில் சுருக்கித் தருகிறார்கள்.

கிடைத்ததை அப்படியே மொழிபெயர்த்தால் போதும் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ‘தமிழில் பேசும்போது எனக்கு நம்பிக்கை இருக்கும்’ என்று ஒரு வரி. மூலத்தைப் பார்க்காத தோழியிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னேன். ‘கான்ஃபிடன்ஸ்’ என்று போன சொல் ‘ஹோப்’ என்று திரும்பி வந்தது! ‘தயங்காமல் தமிழில் பேசுவேன்’ என்று மாற்றினேன். வெளிநாட்டினருடன் பேசுவது பற்றிய வரிகளை நீக்கினேன். அவை ஆங்கிலம் கற்போருக்காக எழுதப்பட்டவை. முதலில் ஐந்து பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு வரிகள் அவர்களுக்குப் புரியவில்லை. திருத்தினேன்.

பிறகு வேறொரு வகுப்பில் கொடுத்தபோது யாரும் டிக் போடுவதில் குழம்பவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும், “பேரு எழுதணுமா டீச்சர்?” என்றான். வேண்டாம் என்றேன். அன்று ‘பிடிக்காது’ என்ற கட்டத்திலும் சில டிக்குகள் விழுந்தன.