பூஜையறைச் சுவருக்கு டைல்ஸ் பதிக்குமுன்

நாள்தோறும் இருவேளை தீபம் ஏற்றும் இல்லங்களில் பூஜையறைச் சுவர் விரைவில் கருத்துவிடுகிறது. திரியின் கரியும் கற்பூரப் புகையும் சுண்ணாம்பில் படிந்தால் எளிதில் போவதில்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஏணி போட்டு வெள்ளையடிப்பது முதியோருக்கு இயலாத காரியம். எனவே பலரும் டைல்ஸ் பதிக்க விரும்புகின்றனர். ஆனால் பதித்த டைலை உடைக்காமல் எடுப்பது அரிது. ஆதலால் யோசனை முழுவதும் வேலைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் எண்ண வேண்டியது தெய்வப் படம் அச்சிட்ட டைல்ஸைப் பற்றி. நான்கைந்து டைல்ஸ் சேர்ந்து ஒரு திருவுருவம் அமையும்போது, இணைப்புக் கோடு திருமுகத்தின் குறுக்கே செல்லக்கூடும். பின்னாளில் விரிசல் கண்டாலோ, வீட்டை இடிக்க நேர்ந்தாலோ, உளியை அத்திருவுருவத்தின்மீதே வைக்க வேண்டிவரும். அதைக் காணப் பிள்ளைகளின் மனமும் பொறாது. சுவருக்கு வெளிர்நிற வெற்று டைல்ஸ் போதும். பரம்பரையாக வந்த படங்களை அதன்மேல் மாட்டலாம். ஆணி வரும் இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். டைல்மீது சுத்தியலால் ஆணி அடித்தால் விரிசல் விடும். துளைக்கும் கருவியே தக்கது. விளக்கு மாடம் இருந்தால் அதை மூடிவிடாமல், உட்புறத்தையும் அளவில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. கடையில் ஓர் அடிக்கு ஒன்றரை அடி என்று சொல்லப்படும் டைல் பெரும்பாலும் 300 மி.மீ. அகலமும் 450 மி.மீ. உயரமும் உடையது. ஓர் அடி என்பதோ ஏறத்தாழ 305 மி.மீ. ஆகவே 5 அடி அகலச் சுவரில் ஐந்து டைல்ஸ் வைத்தால் ஓரத்தில் விரற்கடை அளவு இடம் எஞ்சும். அதில் மெல்லிய துண்டை ஒட்டினால் அழகு கெடும். நடுவில் நான்கு முழு டைல்ஸ் வைத்து, இருபுறமும் பாதியளவு துண்டுகள் வைப்பதே முறை. அத்துண்டு பாதியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்குமாதலால் வரிசைக்கு ஆறு டைல்ஸ் செலவாகும். 7 அடி உயரத்துக்கு ஐந்து வரிசை, ஆக 30. உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 33. சதுர அடிக் கணக்கை மட்டும் நம்பினால் 26தான் வரும். குறைந்ததை மீண்டும் வாங்கும்போது வேறு தொகுப்பாக இருந்தால் நிறம் சற்றே மாறுபடும். பெட்டிகளில் உள்ள தொகுப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம்.

சுவரில் ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வண்ணப்பூச்சைச் சுரண்டி, பூச்சைக் கொத்திவிட்டால்தான் பிடிப்பு உண்டாகும். சாதாரணச் செராமிக் டைலைச் சிமெண்டில் பதிப்பதாயின் முன்னதாக நீரில் ஊறவைப்பது வழக்கம். நீரை உறிஞ்சாத விட்ரிஃபைடு வகைக்கு அதற்குரிய டைல் பசை வேண்டும்.

பல வீடுகளில் தரை சமமாக இராது. எனவே தரையை நம்பி முதல் வரிசையைத் தொடங்கலாகாது. ஒரு டைலின் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில் ரசமட்டம் பார்த்து நேர்க்கட்டை ஒன்றை அடித்து, இரண்டாம் வரிசையை அதன்மேல் எழுப்பச் சொல்லுங்கள். கீழ் வரிசையைப் பிறகு தரைக்கேற்ப வெட்டிப் பதிக்கலாம். வெட்டும் வேலை வீட்டுக்கு வெளியே நடக்கட்டும்; அத்தூசு மூச்சுக்குத் தீங்கு. மறுநாள் இணைப்புகளை நிரப்பலாம்.

திருப்பணி தொடங்குமுன் ஆலயங்களில் பாலாலயம் செய்து வழிபாட்டைத் தொடர்வதை அன்பர்கள் அறிவீர்கள். அதுபோல இல்லத்திலும் படங்களைத் தூய துணியில் சுற்றி வைத்து, தூசு படாத வேறோர் இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி வாருங்கள். கொத்தனார் வேலைக்கு நான்கு நாள் ஆனாலும் நித்திய பூஜை ஒரு நாளும் நிற்க வேண்டியதில்லை.

வேலை முடிந்தபின், கரி படிந்த இடத்தை மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். அமிலம் கூடாது, அது இணைப்புச் சிமெண்டை அரித்துவிடும்.